மே முப்பத்திரண்டாம் தேதி

மே மாதத்தை இழுத்து நீட்டும் அதிகாரம் பெற்ற ஒரே மனிதர் எங்கள் தெருக்காரர். பழைய காலத்துச் சக்கரவர்த்திகள் காலண்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அவர்களிடம் படை இருந்தது, கஜானா இருந்தது. எங்கள் ஆளிடம் இருந்தவை ஒரு மண்வெட்டி, ஒரு கறுப்பு மார்க்கர், திராட்சைப் பெட்டியைக் கிழித்தெடுத்த அட்டைகள். அவ்வளவுதான். ஆனாலும் அவர் மே முடியவில்லை என்றால் எங்கள் தெருவில் மே முடியாது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. பெரியவர்களுக்கு அவர் 'காலண்டர்'. எங்களுக்குக் 'காலண்டர் மாமா'.

உத்தமபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால் வாய்க்கால் பாலத்தை ஒட்டி ஒரு தெரு வரும். அதுதான் எங்கள் தெரு. மாமாவுக்கு அந்த வாய்க்காலில்தான் வேலை. தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துத் திருப்பிவிட வேண்டும். இன்றைக்கு யாருக்கு, மடையை எப்போது அடைப்பது, அடுத்து யாருக்கு என்பதை எல்லாம் அவருடைய மண்வெட்டிதான் தீர்மானிக்கும். அதற்காக வயல்காரர்கள் அறுப்புக்கு அறுப்பு நெல் அளப்பார்கள்.

ஆரம்பத்தில் அவரும் நம்மைப் போல நகைக்கடைக் காலண்டரை ஆணியில் மாட்டியவர்தான். ஒரு வருடம் ஞாபகப் பிசகாக இரண்டு பேருக்கு ஒரே நாளில் முறை சொல்லிவிட்டார். இருவரும் ஒரே மடைக்கு வந்தார்கள். முதலில் மரியாதையாகப் பேசினார்கள், பிறகு ஒருவர் வேட்டியை ஒருவர் பிடித்தார்கள், கடைசியில் இரண்டு பேரும் சமாதானமாகி மாமாவைத் தூக்கிச் சேற்றில் போட்டார்கள். எழுந்து வந்தவர் நேராக நகைக்கடைக் காலண்டரின் முன்னால் நின்றார்.

"சாமி படம் போட்டிருக்கான். ராகு காலம் போட்டிருக்கான். பல்லி விழுந்தா என்ன பலன்னு பின்னால போட்டிருக்கான். முத்தையாவுக்கு எப்பத் தண்ணின்னு எங்கனயாவது போட்டிருக்கானா?"

மறுநாளே சொந்தக் காலண்டர் தயாரிப்பு தொடங்கிவிட்டது.

மண்டியில் கழித்துப்போட்ட திராட்சைப் பெட்டிகளை வாங்கி வந்து, பிரித்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவார். கோடு போட ஸ்கேல் கிடையாது. மண்வெட்டிக் காம்புதான் ஸ்கேல். காம்பு லேசாக வளைந்திருந்ததால் மாதங்கள் எல்லாம் வலது பக்கம் சரிந்துகொண்டே போகும். கடைசி மாதம் வருவதற்குள் சனிக்கிழமைகள் பக்கத்து வீட்டுச் சுவரில் குடியேறியிருக்கும். அந்தக் காலண்டர் வீட்டுக்குள் மாட்டுகிற சைஸ் அல்ல, வீட்டையே அதில் மாட்டலாம். அதனால் தெருப்பக்கச் சுவரில் ஒட்டுவார். ஓட்டுக் கூரையின் இறவாணம் இறங்கி நின்றதால் மழைக்குத் தப்பித்தது.

கட்டங்களில் எழுத்து குறைவு, படம்தான் அதிகம். தண்ணீர் முறைக்குச் சொட்டு. குழாயில் குடிதண்ணீர் வரும் நாளுக்குக் குடம். கறி எடுக்கும் நாளுக்கு இரண்டு காலில் நிற்கிற ஏதோ ஒன்று. கோழி என்று அவர் சொன்னதால் கோழி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளுக்கு மூன்று முடியோடு ஒரு தலை. என் அம்மா விடியும் முன்னே ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். எழுத்து தெரியாது. ஆனால் அந்தச் சுவரின் முன் நின்று வரப்போகும் வாரத்தைக் கடகடவென்று வாசிப்பார். "எனக்கு வாசிக்க வர்ற ஒரே காயிதம் அதுதான்டி" என்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அம்மா வாசிக்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், இவ்வளவு கோணல் கோட்டை வாசிக்கிறாரே என்று எரிச்சலாகவும் இருக்கும்.

அந்தக் காலண்டருக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் வருடம் ஜனவரியில் பிறக்காது, சித்திரையிலும் பிறக்காது. ஜூன் முதல் தேதி பிறக்கும். அன்றைக்குத்தான் வழக்கமாக முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறப்பார்கள். டிவியில் சொன்னால் மாமா நம்பமாட்டார். "அவன் போன வருஷப் படத்தப் போடுவான்." பஸ் ஏறி லோயர் கேம்ப் போய், மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் காதால் கேட்டு, ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, தெருமுனையில் நின்று, "வருசம் பொறந்துருச்சு!" என்று கத்துவார். பிறகுதான் மே மாதத்தைக் கிழிப்பார்.

காலண்டரில் மிளகாய்ப் படமும் உண்டு. அது சண்டைக்கு.

மாமாவின் மனைவி ராசாத்தி அத்தை. அத்தைக்குக் கோபம் சட்டென்று வரும். தண்ணீரையே முறை வைத்து விடுகிறவர் கோபத்தை மட்டும் சும்மா விடுவாரா? வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சோறு கொதிக்கிற வரைக்கும் என்று ஒதுக்கிவிட்டார்.

"ஏங்க, நேத்து என் தம்பி வந்தப்ப நீங்க பேசுன பேச்சு இருக்கே…"

"இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயிறு."

"மொளகா எதுல இருக்கு?"

"அது கெடக்கு செவ்வாயில!"

"அப்ப செவ்வாக்கெழம பேசு. மறந்துறாத."

செவ்வாய்க்கிழமை மாமா கை கால் கழுவி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். "ம்… ஆரம்பி." இப்படி ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால் யாருக்குச் சண்டை வரும்? அத்தை வாயைத் திறப்பார், மூன்றாவது வார்த்தையில் சிரித்துவிடுவார். "இந்த மனுசன வச்சுக்கிட்டு ஒரு சண்ட கூடப் போட முடியல ஆத்தா" என்று என் அம்மாவிடம் வந்து அழுவார். நாங்கள் தெருப்பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை டியூஷனுக்குப் போனதே இல்லை.

"ஊரு பூராத்துக்கும் கட்டம் போடுறீக. எனக்கு எங்கன கட்டம்?" என்று அத்தை ஒரு நாள் கேட்டுவிட்டார். அதிலிருந்து மாதம் ஒரு கட்டத்தில் பூ வந்தது. பூ போட்ட நாளில் மாமா வெள்ளை வேட்டி கட்டி, அத்தையை உத்தமபாளையம் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுப்பார். மழை, வெயில், காய்ச்சல் எதற்கும் பூ தள்ளிப்போனதில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கவலைக்கு மட்டும் மாமா கட்டம் போடவில்லை.

இப்படியே போயிருந்தால் இது முழுக்க முழுக்கச் சிரிப்புக் கதையாக முடிந்திருக்கும். ஒரு வியாழக்கிழமை கடமலைக்குண்டில் அத்தையின் அப்பா இறந்துபோனார்.

செய்தி காலையில் வந்தது. அத்தையின் தம்பி ஆட்டோவோடு வந்து அத்தையை ஏற்றிக்கொண்டார். மாமா பின்னாலேயே வருவதாகச் சொன்னார். மருமகன் வந்து உடல்மேல் கோடித்துணி போடாமல் மாமனாரைத் தூக்கமாட்டார்கள். அது அங்கே கட்டாயம். ஆனால் அன்றைய கட்டத்தில் சொட்டு இருந்தது. கடைமடை முத்தையாவின் முறை. கடைமடை என்றால் எல்லாரும் குடித்தது போக மிச்சம் வந்து சேருகிற இடம். அவர் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. 'தண்ணி போய்ச் சேந்ததும் கெளம்பிறலாம்' என்று மாமா மடையில் உட்கார்ந்தார். தண்ணீர் அன்றைக்கென்று மெதுவாக வந்தது.

கடமலைக்குண்டில் பார்த்தார்கள், பார்த்தார்கள், பொழுது சாய்ந்தது. கடைசியில் பங்காளி வீட்டு மாப்பிள்ளை ஒருவர் கையில் துணியைக் கொடுத்துப் போடச் சொல்லித் தூக்கிவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து ஆட்கள் குளித்துத் திரும்பும்போது மாமா முழங்கால் வரை சேறோடு, கையில் துணிப்பையோடு போய் நின்றிருக்கிறார். அத்தை கத்தவில்லை. "கால கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

காரியம் முடிந்து அத்தை திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை வந்தது. மாமா கை கால் கழுவி, துண்டைப் போட்டு, வாசலில் உட்கார்ந்தார். அன்றைக்குத் தெருவில் யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் டிவி சத்தம் குறைந்திருந்தது.

"ம்… ஆரம்பி."

அத்தை வீட்டுக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ராசாத்தி, செவ்வாக்கெழம."

"தெரியுது."

"வையணும்னா வையி. இன்னைக்கு சோறு கொதிச்சாலும் நான் எந்திரிக்கல."

"ஒண்ணுமில்லைங்க. என்னத்த வைய?"

மாமா இருட்டுகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் அத்தை ஒரு பையோடு கடமலைக்குண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மாமா போட்ட காலண்டரில் மிளகாயும் இல்லை, பூவும் இல்லை. சொட்டும் குடமும் மட்டும் இருந்தன. மாமா தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பாத்திரத்தை வாசலில் போட்டு விளக்குவதை அம்மா பார்க்கச் சகிக்காமல் கதவைச் சாத்திக்கொள்வார்.

நடுவில் நான் சட்டம் படித்து முடித்தேன். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கித்தான் கல்லூரியில் சேர்ந்தேன். முடித்த பிறகு அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறேன். உத்தமபாளையத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, கோர்ட்டு வாசலில் போட்டுக்கொள்ள வேண்டிய கறுப்புக் கோட்டை வீட்டிலேயே போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். எங்கள் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டு நின்றால் ஆள் வெந்துவிடும். வெந்தாலும் பரவாயில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நிற்பேன். குறை ஒன்றுதான். எனக்கென்று ஒரு வழக்கு இல்லை.

அப்போதுதான் மாமா ஒரு நோட்டீஸோடு வந்தார்.

"படிச்சுச் சொல்லு ஆத்தா."

அத்தை விவாகரத்துக் கேட்டிருந்தார். ஜூன் பதினாலாம் தேதி மாமா கோர்ட்டில் ஆஜராக வேண்டும். எனக்கு ஒரு பக்கம் துக்கம். மறு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதல் கட்சிக்காரர். அங்கேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன்.

"அத்தைய விட்டுறக் கூடாது மாமா. ஒரு நாள் வரலன்னா அது விவாகரத்துக்குக் காரணமாகாது. நான் வாதாடுறேன். ஜூன் பதினாலு, மறந்துறாதீக."

"ஜூன்லயா?" என்றார் மாமா. "சரி. மொதல்ல தண்ணி வரட்டும்."

அந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. அணையில் தண்ணீர் இல்லை, திறப்பு தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தது. மாமா ஜூன் முதல் தேதி வழக்கம்போல லோயர் கேம்ப் போனார். மலையில் குழாய்கள் சும்மா படுத்திருந்தன. ஆற்றில் பாறைகள் வெயில் காய்ந்தன. காலி பாட்டிலோடு திரும்பி வந்தார். மறுநாள் காலை நாங்கள் எழுந்து பார்த்தால், மே மாதத்தின் அடியில் புதிதாக ஓர் அட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று என்று இரண்டு கட்டங்கள்.

தெரு இரண்டு நாள் வயிறு வலிக்கச் சிரித்தது. டீக்கடையில் அவரைக் கண்டதும், "ஏலே காலண்டரு, இந்த நீட்டுன நாளுக்கு எங்களுக்கும் சம்பளம் சேத்து வருமா?" என்பார்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்று பாதிப் பிள்ளைகள், "மாமா வீட்டுல இன்னும் மே" என்று யூனிஃபார்ம் போட மறுத்துவிட்டன. அம்மாக்கள் விளக்குமாறு எடுத்த பிறகுதான் பிள்ளைகளுக்கு ஜூன் பிறந்தது. கொடுத்த கடனைக் கேட்டு வந்தவரிடம் எங்கள் தெருக்காரர் ஒருவர் சுவரைக் காட்டி, "ஜூன்ல தர்றேன்னுதானப்பா சொன்னேன்" என்றார்.

என் அம்மாவே தடுமாறினார். "ஏத்தா, இன்னும் மே மாசந்தானாம்ல?"

"அம்மா, இங்க பாரு, போன்ல ஜூன் அஞ்சு."

"போன்ல தண்ணி வந்துருச்சா?"

சட்டப் படிப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

அட்டை கீழே வளர்ந்துகொண்டே போனது. முப்பத்தெட்டாம் தேதி தரையைத் தொட்டது. முப்பத்தொன்பதாம் தேதியைத் தெருநாய் நனைத்தது. மாமா இடம் போதாமல் திண்டாடி, நாற்பதை ஜன்னல் கதவில் ஒட்டினார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. என் கட்சிக்காரர் கோர்ட்டுக்கு வருவாரா மாட்டாரா? கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். கோட்டு இருந்தால் கொஞ்சம் பயப்படுவார் என்று ஒரு நம்பிக்கை.

"மாமா, பதினாலாம் தேதி கோர்ட்டு."

"எந்த மாசம்?"

"ஜூன்."

"அது இன்னும் வரலையே ஆத்தா."

"வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு மாமா!"

"தண்ணி வரல. அப்ப மே மாசந்தான். மே மாசம் கோர்ட்டுக்கு லீவு. வக்கீலு நீ, ஒனக்கு நான் சொல்லணுமாக்கும்?"

"நீங்க வரலன்னா நான் ஜட்ஜையாட்ட என்னன்னு சொல்றது?"

"தண்ணி தொறக்கலன்னு சொல்லு. அவுகளும் சோறுதான திங்கிறாக?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மாமா, நெசமாவே ஒங்களுக்குப் பைத்தியமா?"

மாமா கையிலிருந்த மார்க்கரை மூடினார். தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பைத்தியமெல்லாம் இல்லத்தா. இன்னைக்கு ஜூன் ஒம்போது. தெரியும். இந்த மாசத்தக் கிழிச்சா அடுத்த அட்டையில அவ தேதி நிக்குது. அத நாந்தான எங்கையால எழுதணும்? சொட்டு போட்டேன், கொடம் போட்டேன். அந்தக் கட்டத்துக்கு நான் என்ன படத்தப் போடுவேன், நீயே சொல்லு."

நான் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினாலாம் தேதி கோர்ட்டில் மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ ஒருவரின் பெயர் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அது என் கட்சிக்காரர் பெயர்தான் என்று உறைக்க மூன்றாவது தடவை கூப்பிட வேண்டியிருந்தது. என் கட்சிக்காரர் வேறு மாதத்தில் இருக்கிறார் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. "உடம்புக்கு முடியலைங்கய்யா, ஒரு வாய்தா வேணும்" என்றேன். இன்னொரு தேதி கொடுத்தார்கள்.

வெளியே வந்தால் ராசாத்தி அத்தை நின்றிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வரலையா?"

"இல்லத்தை."

"செவத்துல இன்னும் மே மாசமா?"

"நாப்பத்தஞ்சு."

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாப்பத்தஞ்சா! ஆத்தாடி, எங்கன ஒட்டுனாக? செவரு பத்தாதே!" சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பில்லாத குரலில், "அடுத்த தேதிக்கு எப்பிடியாச்சும் கூட்டியாந்துரு ஆத்தா. அவுக வரலன்னா அவுக இல்லாமலே முடிச்சுருவாக. அப்பிடி முடிக்க எனக்கு இஷ்டமில்ல" என்றார்.

ஜூலையில் மலையில் மழை பிடித்தது. தண்ணீர் திறந்தார்கள். மாமா லோயர் கேம்ப் போய்ப் பாட்டிலோடு வந்தார். ஆனால் தெருமுனையில் நின்று கத்தவில்லை. மே மாதத்தை உரித்துப் போட்டார். ஜூன் அட்டையையும் சேர்த்துச் சுருட்டி அடுப்பில் வைத்தார். "வராத தண்ணிக்கு எதுக்கு ஒரு மாசம்?" அந்த வருடம் எங்கள் தெருவில் ஜூன் மாதமே கிடையாது. நேராக ஜூலைதான்.

கோர்ட்டு கொடுத்த புதுத் தேதியைத் தேடிப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் சொட்டு இருந்தது.

"மாமா, அன்னைக்குத்தான் கோர்ட்டு."

"தெரியும்."

"யார் முறை?"

"முத்தையா."

கடைமடை முத்தையா. இந்த மனிதருக்காகவா இரவெல்லாம் படித்து எதிருரை தயாரித்தேன் என்று நொந்துபோனேன். அன்று காலை தனியாகத்தான் பஸ் ஏறினேன். பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா மடையில் குனிந்து நின்றிருந்தார்.

கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இரண்டு தடவை. நான் எழுந்து மறுபடியும் உடம்புக்கு முடியாத கதையைத் தொடங்கப்போனேன். வாசலில் ஒரே சத்தம்.

"யோவ், மம்பட்டியோட உள்ள போகக் கூடாதுய்யா!"

"அப்ப நீங்க பிடிங்க."

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு மாமா உள்ளே வந்தார். முழங்கால் வரை சேறு. மடித்துக் கட்டிய வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நடந்து வந்த வழியெல்லாம் வயல் வரப்பு மாதிரி ஆனது.

"போன தடவை ஏன் வரவில்லை?" என்று நீதிபதி கேட்டார். நான் கும்பிடாத தெய்வமில்லை. மே என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"மனசு வரலைங்கய்யா."

"இது என்ன கோலம்?"

"தண்ணி மொறைங்கய்யா."

"இப்போது யார் பார்க்கிறார்கள்?"

"யாரும் பாக்கலைங்கய்யா. தொறந்தது தொறந்தபடி விட்டுட்டு வந்தேன்."

எதிர்ப்பக்கம் தலை குனிந்து நின்ற அத்தை நிமிர்ந்தார்.

மனைவி சொல்லும் குற்றச்சாட்டுக்கு என்ன பதில் என்று கேட்டபோது நான் தொண்டையைக் கனைத்தேன். சட்டப்பிரிவுகள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அதற்குள் மாமா சொல்லிவிட்டார்: "அவ சொல்றது பூராம் நெசந்தாங்கய்யா. கோடிக்கு நான் போகல. இந்தப் புள்ள எனக்காக ஏதோ எழுதிக் கொண்டாந்திருக்கு, கோவிச்சுக்காதீக. அதுல ஒண்ணும் இல்ல."

என் முதல் வழக்கு அந்த இடத்தில் முடிந்தது. வெளியே போய் ஒரு முறை பேசிப் பாருங்கள் என்று இரண்டு பேரையும் அனுப்பினார்கள்.

வேப்பமரத்தடியில் இருவரும் நின்றார்கள். வக்கீல் என்ற முறையில் நானும் நின்றேன். உண்மையில் அங்கே எனக்கு வேலை இல்லை.

"முத்தையா வயலு?" என்றார் அத்தை.

"போகட்டும்."

"வைவாகளே."

"வையட்டும்."

"இத அன்னைக்குச் செஞ்சிருக்கலாம்ல."

"செஞ்சிருக்கலாம்."

அத்தை வெகுநேரம் மாமாவின் காலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றையே பார்த்தார்.

"எங்கப்பன் ஒரு நாளுதாங்க செத்தாரு. அவருக்கு அடுத்த மொறைன்னு ஒண்ணு வராது."

மாமா தலையை ஆட்டினார். கெஞ்சவில்லை. வழக்கு அதன் பிறகு அது போகிற போக்கில் போய், அத்தை கேட்டபடியே முடிந்தது. அன்றைக்கு முத்தையாவுக்குப் போக வேண்டிய தண்ணீர் யார் யாருடைய வயலுக்கோ போனது. அந்த வாரம் முழுக்க முத்தையா எங்கள் தெருவில் வந்து நின்று வைதார். மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

அன்று கோர்ட்டு வாசலில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமா என் கையில் இருபது ரூபாயைத் திணித்தார். ஃபீஸ் என்று நினைத்து வேண்டாம் என்றேன்.

"ஒனக்கில்ல. ஒதடு காஞ்சு போய் நிக்கிறா பாரு. காலையில ஒண்ணும் சாப்பிடாம பஸ் ஏறியிருக்கா. ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடுத்துட்டு வா. நான் குடுத்தா வாங்க மாட்டா."

அப்படியாக நான் என் வக்கீல் வாழ்க்கையின் முதல் எதிர்க்கட்சிக்கு, என் கட்சிக்காரர் செலவில், டீ வாங்கிக் கொண்டுபோனேன்.

"அவுக சொன்னாகளா?" என்றார் அத்தை.

"இல்லத்தை. நானேதான்."

அத்தை நம்பவில்லை. ஆனால் வடையை வைக்காமல் சாப்பிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மாமா அத்தை சாப்பிட்டு முடிக்கிற வரை வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டு நின்றார்.

இப்போது தேனியில் எனக்கென்று ஆபீஸ் இருக்கிறது. தேதி தவறாத கட்சிக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சலவைச் சட்டையோடு நேரத்துக்கு வந்து, எதிரில் நிற்பவரை எப்படி ஒழிக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டே வாசலைப் பார்க்கிறேன். காலில் சேறோடு, மூச்சு வாங்க, தாமதமாக ஒருவர் ஓடி வந்தால், அவர் வழக்கு என்னவென்று தெரியும் முன்னேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விடுகிறது.